இல்லாத எட்டு

அத்தியாயம் 8

பேயைக் கண்டு தேவாவுக்குப் பயம் கிடையாது. பேய் இருக்கிற அறைக்குள் தானும் போக வேண்டியிருக்கிறதே என்பதுதான் பயம். புதன்கிழமை நடுப்பகல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரிகளும் ஷேர் ஆட்டோக்களும் போடுகிற சத்தத்தில் எந்தப் பேயும் நிம்மதியாகக் குடித்தனம் பண்ண முடியாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு பைக்கை ஓரங்கட்டினான். உச்சி வேளையும் பேய்க்கு உகந்த நேரம்தான் என்பது ஸ்டாண்டு போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"யக்கா, வெறும் வயித்தோட பேய்கிட்ட போவக் கூடாது."

"காலையில இட்லி ஆர்டர் பண்ணியே?" என்றார் பின்சீட்டிலிருந்து இறங்கிய ஞானம்மாள்.

"பண்ணேன். வயக்கம்போல புது நம்பர் முப்பத்தொண்ணுக்குப் போயிட்ச்சு. அந்த ஊட்டுக்காரன் எனக்கே ஃபோன் பண்ணி, சட்னி சூப்பர்ன்றான்."

கொரட்டூரில் அவர்களுடைய துப்பறியும் அலுவலகத்தின் விலாசம் பழைய எண் 31, புதிய எண் 14. தெருவில் புதிய எண் 31 என்று வேறொரு வீடு இருக்கிறது. இவர்களுக்கு வரவேண்டிய இட்லியில் பாதி அந்த வீட்டில்தான் செரித்துக்கொண்டிருந்தது. ஞானம்மாளுக்கு இதெல்லாம் பழகிப்போன சமாசாரம். துப்பறிய வருவதற்கு முன்பு இருபத்தோரு வருடம் தபால் ஆபீசில் கடிதம் பிரித்தவர். விலாசம் தப்பாக இருக்கிற கடிதத்தை உரியவரிடம் கொண்டு சேர்ப்பதுதான் அங்கே அவருக்கு வேலை. "அப்பவும் ஆளைத்தான் தேடினேன், இப்பவும் ஆளைத்தான் தேடறேன்" என்பார்.

லேப் வாசலில் காவலாளி பரந்தாமன் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார். ஞானம்மாளுக்கு ஏழு. அடுத்து நின்ற தேவாவுக்கு ஒன்பது.

"அண்ணாத்தே, எட்டு இன்னா ஆச்சு?"

"எட்டு இங்க கெடியாது."

"இன்னா இப்டி சொல்லிட்ட? நானெல்லாம் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்குனவன்."

பரந்தாமன் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்ள போய் அந்தப் பேச்சு எடுக்காத, நைனா. ஓனரோட பொண்ணு போய் ரெண்டு மாசம் ஆவுது. இப்ப அந்த எட்டாம் நம்பர்லதான் பாப்பா மூச்சு வுட்டுகினு கீது. நானே என் கண்ணால பாத்தேன்."

தேவாவின் பசி அந்த நிமிடமே பறந்துவிட்டது.

லேபின் முதலாளி ரவிச்சந்திரன் வராந்தா வரை வந்து அழைத்துப் போனார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, தூங்காத கண்கள். செருப்பைக் கழற்றி, தலைக்கு உறை மாட்டி, கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் வந்து அறைந்தது. வாசலிலேயே ஒரு ஜோடி நீல நிற லேடீஸ் செருப்பு ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. தூசி தட்டியிருந்தது. யாருடையது என்று கேட்க தேவாவுக்கு வாய் வரவில்லை.

"தீக்காயம் பட்டவங்களுக்கு அவங்க தோலையே வளர்த்துக் கொடுக்கிறோம் மேடம்," என்றார் ரவிச்சந்திரன். "தபால்தலை அளவு தோல் எடுத்தா போதும். அதுல இருக்கிற செல்லைப் பிரிச்சு ஃப்ளாஸ்க்ல வளர்த்து, கைக்குட்டை மாதிரி ஒரு படலமா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்."

"ஃப்ளாஸ்க்னா டீ ஃப்ளாஸ்க்கா சார்?" என்றான் தேவா.

அவர் இன்குபேட்டரின் கதவைத் திறந்து காட்டினார். பீரோ மாதிரி ஒரு பெட்டி. உள்ளே உடம்புச் சூடு. ஒரு தட்டில் மூன்று வரிசையாக ஒன்பது இடங்கள் வெட்டியிருந்தன. எட்டு இடங்கள் காலி. கடைசி வரிசையின் நடுவில் மட்டும் தட்டையான ஒரு பிளாஸ்டிக் குடுவை, அடியில் ரோஸ்மில்க் நிறத்தில் கொஞ்சம் திரவம். அவ்வளவுதான். இதற்குள் யாரோ ஒருவரின் தோல் வளர்கிறது என்று நினைத்தபோது தேவாவுக்கு முழங்கை கூசியது.

"செல்லு சர்க்கரை சாப்பிடும், ஆக்சிஜன் எடுத்துக்கும், புளிப்பைக் கக்கும். ஒவ்வொரு குடுவைக்கும் அடியில ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒரு சென்சார் ஒட்டியிருக்கோம். தட்டுல ஒவ்வொரு இடத்துக்குக் கீழேயும் அந்தப் பொட்டைப் படிக்க ஒரு கண்ணு இருக்கு. செல்லு எவ்வளவு மூச்சு வாங்குது, எவ்வளவு சாப்பிடுதுன்னு அது பார்த்துத் திரையில கோடா போடும். இதெல்லாம் செஞ்சது என் பொண்ணு சௌம்யா." அவர் கதவின் கைப்பிடியைத் துடைத்தார். "நசரத்பேட்டை கிட்ட லாரி... ஸ்கூட்டர்ல வந்துகிட்டிருந்தா."

சுவரில் பெரிய திரை. ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோடு. எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தன. எட்டாம் எண்ணின் கோடு மட்டும் மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறியது. தூங்குகிற குழந்தையின் வயிற்றைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தேவா தன்னையறியாமல் அதோடு சேர்ந்து மூச்சு விட ஆரம்பித்து, திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டான்.

"உள்ளே இருக்கிற ஃப்ளாஸ்க் எந்த நம்பர்?" என்றார் ஞானம்மாள்.

"ஒன்பது. திங்கக்கிழமை மத்தியானத்துலேருந்து அது செத்துப்போச்சு. கோடு படுத்துடுச்சு, பாருங்க. அதே நேரத்துலதான் இது..." அவர் விரல் திரைப் பக்கம் நீண்டு, தொடாமல் திரும்பியது. "ஏழுக்கு அடுத்தது. அது உயிரோட இருக்கு. அப்படி ஒரு குடுவையே கிடையாது மேடம். அந்த இடத்தையே நான் எடுத்துட்டேன். நேத்தும் இன்னைக்கும் காலையில பதினொண்ணு பத்துக்கு அந்தக் கோடு கொஞ்ச நேரம் படுத்துட்டு, எழுந்து துள்ளிக் குதிச்சுது. சௌம்யா செல்லுக்குச் சாப்பாடு மாத்தற நேரம் அது. அதே பதினொண்ணு பத்து."

'எட்டு' என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை என்பதை தேவா கவனித்தான்.

"ஏழுக்கு அடுத்தது மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"அவ பொறந்த தேதி. ஆவடியில ஒரு எண்கணித ஜோசியர், அந்த நம்பர் ஆகாது, கிட்டயே சேர்க்காதீங்கன்னார். சௌம்யா சிரிச்சா. ஸ்கூட்டர் நம்பரைக் கூட்டினாலும் அதேதான் வருது, மாத்துடான்னேன். கேக்கல." கதவை மூடிவிட்டு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவ காரியம் முடிஞ்ச அன்னைக்கு, லேப்ல அந்த நம்பர் இருந்த இடத்தையெல்லாம் நானே என் கையால எடுத்தேன். இப்ப மணி பன்னிரண்டே முக்கால். ரெண்டு மணிக்கு டாக்டர் ஃபோன் பண்ணுவார். படலம் இல்லன்னு சொல்லிட்டு, இந்தக் குடுவையை ஆட்டோகிளேவ்ல போட்டுடுவோம். பெரிய குக்கர் மாதிரி, ஆவியில வேக வெச்சு அழிக்கிறது."

"ஆவியை ஆவியிலயே வேக வெக்கிறீங்களா?" என்று தேவாவின் வாய் அவனைக் கேட்காமலே பேசியது. ஞானம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் தலை உறையைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டான்.

"அந்தக் குடுவை யாரோடது?"

ரவிச்சந்திரன் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கையைக் காட்டினார். வராந்தா பெஞ்சில் ஒரு மனிதர், மடியில் சாப்பாட்டுப் பையோடு, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுப்பராயன் ஆவடி பேக்டரியில் வெல்டர். குவார்ட்டர்ஸ் சமையலறையில் கேஸ் கசிந்து, அவர் மனைவி சரசாவுக்கு மார்பிலிருந்து இடுப்பு வரை வெந்துவிட்டது. பத்தொன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூடுவதற்கு அவள் உடம்பில் நல்ல தோல் மீதியில்லை.

"உள்ள விட மாட்டேங்கிறாங்கம்மா, காலையில ஒரு தரம் எட்டிப் பாக்கலாம், அவ்வளவுதான்," என்றார் ஞானம்மாளிடம். "அங்க இருந்து பஸ் பிடிச்சு இங்க வந்துடுவேன். அவ அங்கயும் இருக்கா, கொஞ்சம் இங்கயும் இருக்கா. நான் எங்க உக்காரறது, நீங்களே சொல்லுங்க."

தேவா பார்வையைத் தரையில் போட்டான்.

"மூணு பாட்டில்ல வளர்த்தாங்க. ரெண்டுல பூசணம் பிடிச்சுப் போச்சு. மிச்ச ஒண்ணாவது தப்பிக்கட்டும்னு திங்கக்கிழமை மத்தியானம் அதை மட்டும் தூரமா, கடைசி வரிசைக்கு மாத்தினாங்க. அன்னைக்கே செத்துடுச்சுன்னாங்க." அவர் பையின் காதை முறுக்கினார். "நான் நம்பலம்மா. செத்ததுக்கு யாராவது சாப்பாடு போடுவாங்களா?"

ஞானம்மாளின் கண் சுருங்கியது. "யார் போட்டது?"

"அந்த நிஷாப் பொண்ணுதான். நேத்தும் இன்னைக்கும் பாத்தேன். பதினொண்ணு பத்து இருக்கும். பாட்டிலை எடுத்துட்டுப் போயி, பழைய தண்ணியை உறிஞ்சிட்டுப் புதுசு ஊத்தி வெச்சா."

நிஷா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முகப்பேரில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிற பெண். சரக்கறையில் வைத்துக் கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது.

"சார் நிறுத்தச் சொன்னார் மேடம். எனக்குத்தான் மனசு வரல. சௌம்யா அக்கா நோட்டுல பதினொண்ணு பத்துன்னு எழுதியிருந்துச்சு, அதான் அந்த நேரத்துக்குப் போட்டேன். மைக்ராஸ்கோப்ல பார்த்தா செல் எல்லாம் நல்லா ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. ஆனா செத்த செல்லும் ஒண்ணு ரெண்டு நாள் அப்படி ஒட்டிக்கிட்டு நிக்கும்னு சார் சொல்றார். நாப்பத்தெட்டு மணி நேரம் சென்சார் உயிரோட காட்டினாத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். அது எங்க விதி."

"நீங்க சாப்பாடு போட்ட அதே நேரத்துல எட்டாம் கோடு குதிச்சுதே. உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

நிஷா தயங்கினாள். "நான் போடும்போது அக்காவும் பக்கத்துல நின்னு அவங்களோடதுக்குப் போடறாங்கன்னு நினைச்சேன் மேடம். ரெண்டு நாளா பின்னால திரும்பிப் பார்க்காமதான் வேலை செஞ்சேன்."

தேவாவும் சட்டென்று தன் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"இங்க எங்களைவிட அதிகமா பயப்படறது அவர்தான்," என்றாள் நிஷா. "ஆனா ரெண்டு நாளா அந்தத் திரைக்கு எதிர்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். நான் ஃப்ளாஸ்கை எடுத்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கல."

ஞானம்மாள் மறுபடி இன்குபேட்டரிடம் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தட்டையே பார்த்தார். அவர் கடிதம் பிரித்த காலத்தில் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று தேவாவுக்குத் தோன்றியது.

"தேவா, அந்த நம்பரெல்லாம் படி."

"ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு, ஒம்போது, பத்து."

"எழுத்தைப் பாருடா."

ஏழு வரைக்கும் பச்சை மையில், கையால் எழுதிய வட்டமான எண்கள். ஒன்பதும் பத்தும் கம்ப்யூட்டரில் அச்சடித்த ஸ்டிக்கர்.

"திரையில பத்து இருக்கா?"

"ஒம்போதோட நின்னுடுச்சு யக்கா."

"பத்தாவது வேலை செய்யாதுன்னு சார் சொன்னார்," என்றாள் நிஷா. "மத்தவங்கள்ளாம் சௌம்யா அக்காவுக்கு அப்புறம் நின்னுட்டாங்க. நான் வந்ததுலேருந்து இந்தத் திங்கக்கிழமை வரைக்கும் கடைசி ரெண்டு இடத்துல எதையும் வெச்சதே இல்ல."

"தட்டுல மொத்தம் எத்தனை இடம்?"

"ஒன்பது... ஒன்பதுதான் மேடம்." சொல்லிவிட்டு அவள் தட்டைப் பார்த்தாள். ஞானம்மாளைப் பார்த்தாள். உதடு திறந்தபடி நின்றது.

மணி ஒன்றரை. ஞானம்மாள் ரவிச்சந்திரனைக் கூப்பிட்டு, திரைக்கு எதிரே அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார்.

"சார், எங்க ஆபீசுக்கு ரெண்டு நம்பர். பழசு முப்பத்தொண்ணு, புதுசு பதினாலு. கதவுல மாத்திட்டாங்க, இட்லி கொண்டுவர்ற பையனுக்கு யாரும் சொல்லல. இன்னைக்கும் என் இட்லியை வேற வீட்டுல சாப்பிட்டாங்க. நீங்களும் அதைத்தான் செஞ்சிருக்கீங்க."

"புரியல."

"நீங்க இடத்தை எடுக்கல. நம்பரை மட்டும் உரிச்சீங்க. எட்டாவது இடத்துல ஒன்பதுன்னு ஒட்டினீங்க, ஒன்பதாவது இடத்துல பத்துன்னு ஒட்டினீங்க. கீழ இருக்கிற கண்ணுக்கு உங்க ஸ்டிக்கர் தெரியாது. அது உங்க பொண்ணு சொல்லிக்கொடுத்த மாதிரி இடத்தைத்தான் எண்ணுது."

"நம்பரை மாத்தினா மெஷினும்..." அவர் பாதியில் நின்றார்.

"பழைய எண் எட்டு, புதிய எண் ஒன்பது. செத்துப்போச்சுன்னு நீங்க சொல்ற கோடு காலி இடத்தோட கோடு. அங்க செத்துப்போக எதுவுமே இல்ல. நிஷா, குடுவையை ஒரு நொடி தூக்கும்மா."

நிஷா குடுவையை இரண்டு விரற்கடை உயர்த்தினாள்.

திரையில் எட்டாம் கோடு வெட்டினாற்போல் விழுந்து, நேராகப் படுத்தது.

"வை!" ரவிச்சந்திரன் நாற்காலி கவிழ எழுந்தார். "திருப்பி வை! வைம்மா அதை!"

அந்தக் குரலை தேவா ஆயுசுக்கும் மறக்க மாட்டான். லாரிக்கு அடியிலிருந்து யாரையோ இழுக்கிறவனின் குரல் அது. நிஷா குடுவையை அதன் இடத்தில் இறக்கினாள். கோடு ஒரு கணம் தடுமாறி, பிறகு மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது.

"அது உங்க பொண்ணு இல்ல சார்," என்றார் ஞானம்மாள், மிக மெதுவாக. "வெளியில உக்காந்திருக்காரே, அவர் சம்சாரம்."

ரவிச்சந்திரன் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். சுப்பராயனும் எழுந்து நின்று, என்ன நடக்கிறதென்று புரியாமல், கையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் அவர் மனைவியை இவர்கள் வேகவைத்திருப்பார்கள். அதுவும், நல்ல மனசோடு.

"பேயை ஓட்டறதுக்காக என்னைக் கூப்பிடல, இல்லையா?" என்றார் ஞானம்மாள்.

அவர் தலையை அசைத்தார். "யாராவது வெளியாள் வந்து பார்த்துட்டு, ஆமா, அவதான்னு சொல்ல மாட்டாங்களான்னு... ரெண்டு நாளா நான் வீட்டுக்குப் போகல மேடம். நான் எழுந்து போனா நின்னுடுமோன்னு பயம்."

தேவா கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி அவரை உட்கார வைத்தான். அவர் பர்ஸை எடுத்தார். அதன் மடிப்பிலிருந்து இரண்டு சின்னக் காகிதத் துண்டுகள் வெளியே வந்தன. பச்சை மையில், வட்டமான எழுத்தில், ஒன்றில் எட்டு, ஒன்றில் ஒன்பது. உரித்தவருக்குத் தூக்கிப் போட மட்டும் முடியவில்லை. எழுந்து போய், அச்சடித்த ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, எட்டை அதன் இடத்தில் வைத்தார். ஒட்டவில்லை. பசை எப்போதோ போய்விட்டது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நிஷா டேப் கொண்டுவர ஓடினாள். போகிற வழியில் திரையின் பழைய பதிவைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்று கத்தினாள். "சார்! திங்கக்கிழமை பன்னிரண்டுலேருந்து, சாப்பாடு மாத்தின நேரம் தவிர, ஒரு நிமிஷம்கூட விடாம இருக்கு. நாப்பத்தொம்பது மணி நேரம் ஆயிடுச்சு!"

"யக்கா," என்றான் தேவா. "பேய்னு சொன்னாங்களே, அதான் இப்ப சர்டிபிகேட்டு."

"போய் அவர்கிட்ட சொல்லு."

தேவா வராந்தாவுக்குப் போனான். எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் சுப்பராயனின் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. "உயிரோட கீறாங்க, அண்ணாத்தே," என்றான். "பசி எடுத்துக்கினுதான் கீறாங்க." சுப்பராயன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு, காலையிலிருந்து திறக்காத பையைத் திறந்து, டப்பாவின் மூடியில் பாதிப் புளிசாதத்தைப் போட்டு தேவாவிடம் நீட்டினார். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சரியாக இரண்டு மணிக்கு உள்ளே தொலைபேசி அடித்தது. திறந்திருந்த கதவு வழியே ஸ்பீக்கரில் டாக்டரின் அவசரக் குரல் கேட்டது.

"என்ன சார், தியேட்டர் புக் பண்ணட்டுமா, வேணாமா?"

"பண்ணுங்க டாக்டர். நாளைக்குக் காலையில படலம் வந்துடும்."

"வெரி குட். ரெக்கார்டுல எழுதணும். ஃப்ளாஸ்க் நம்பர் சொல்லுங்க."

தேவா சோற்றுக் கையோடு எழுந்து கதவருகே போனான். ரவிச்சந்திரன் ஒரு கையில் ஃபோனும், இன்னொரு கையின் கட்டைவிரல் அந்தக் காகிதத் துண்டின் மேலுமாக நின்றிருந்தார். நிஷா டேப்பை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே காத்திருந்தாள்.

"ஹலோ? நம்பர் என்ன சார்?"

"எட்டு," என்றார் ரவிச்சந்திரன்.